சார், பேனா இருக்கா?

போன மாசம் ஒரு பேங்க் க்யூவில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் கையில் ஒரு ஃபாரம். திரும்பி, "சார், பேனா இருக்கா?" என்றார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். செல்போன் இருந்தது. எனக்குப் பின்னால் நின்றவரைக் கேட்டார். அவரும் செல்போனைத் தொட்டுப் பார்த்தார். இப்படியே அந்தக் கேள்வி ஏழெட்டுப் பேரைத் தாண்டி, கடைசியில் வாசலில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேனிடம் போய் நின்றது. அவரிடம்தான் பேனா இருந்தது. மூடியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, பேனாவை மட்டும் கொடுத்தார். விவரமான மனிதர்!

(கவுன்ட்டரில் நூல் கட்டித் தொங்குமே ஒரு பேனா, அது என்னாச்சு என்கிறீர்களா? நூல் இருந்தது.)

எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. நாலு பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். என் பையிலேயே பேனா இல்லை என்றால் எப்படி? மளிகைக் கடை அண்ணாச்சிகூட காதில் ஒன்று செருகியிருக்கிறாரே!

குற்றம் முழுக்க என்னுடையது அல்ல. நான் பி.காம். எங்கள் ஊரில் பி.காம். சேர்ந்தவன் கையோடு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டிலும் சேர்ந்துவிட வேண்டும். காலை ஆறு மணி பேட்ச். மாடிப்படி ஏறும்போதே தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி சத்தம் கேட்கும். ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப் என்று விரல் வீங்க வீங்கத் தட்டி, லோயர், அப்புறம் ஹையரும் பாஸ் பண்ணினேன். ஹையர் என்றால் சும்மா இல்லை, நிமிடத்துக்கு 45 வார்த்தை! அத்தனை வேகம் கைக்கு வந்த பிறகு எவன் பேனாவைத் தொடுவான்?

இப்படியே காலம் ஓடியிருக்கும். அப்பாவின் காதுதான் என்னைத் திரும்பப் பேனா பிடிக்க வைத்தது.

கடுதாசி போடுல!

அப்பா சங்கரன்கோவிலில் தனியாக இருக்கிறார். பத்திரம் எழுதியே எங்களை வளர்த்தவர். சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் பக்கத்தில் ஒரு சாய்வு மேஜை, ஒரு பேனா, ஒரு மூக்குக் கண்ணாடி. அடித்தல் திருத்தல் இல்லாமல் முத்து முத்தாக எழுதுவார். 'அவர் எழுதின பத்திரத்தை ஃப்ரேம் போட்டு மாட்டலாம்' என்பார்கள். (யாரும் மாட்டவில்லை. அடகுதான் வைத்தார்கள்.)

இரண்டு வருஷம் முன்பு அவருக்குக் காது மந்தமானது. எங்கள் போன் பேச்சு இப்படி ஆனது:

"அப்பா, சாப்பிட்டீங்களா?"

"மழையா? இங்க ஏது மழை, வெயிலு கொளுத்துது."

"சாப்பிட்டீங்களான்னு கேட்டேன்!"

"ஆமா ஆமா, நாளைக்கு வந்தாலும் வரும்."

அப்பா என்ன சாப்பிட்டார் என்பது எங்கள் அபார்ட்மென்ட்டில் மூன்று மாடிக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது. காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். மேஜை டிராயரில் பத்திரமாக இருக்கிறது. வாட்ஸ்அப் கற்றுக்கொடுத்தோம். "கண்ணாடியைத் தேய்ச்சா எழுத்து வருமாக்கும்!" என்று செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். கடைசியில் ஒரு நாள் அவரே சொன்னார்: "ஏல, பேசாம ஒரு கடுதாசி போடு. காது போனா என்ன, கண்ணு இருக்குல்லா!"

நானும் உற்சாகமாக இன்லண்டு லெட்டர் வாங்கி வந்து உட்கார்ந்தேன். 'அன்புள்ள அப்பாவுக்கு' என்று எழுதினேன். அதோடு நின்றுவிட்டது. கம்ப்யூட்டரில் என்றால் வாய்க்கு வந்ததைத் தட்டிவிட்டு அப்புறம் அழிக்கலாம், மாற்றலாம். இங்கே அழிக்கிற பட்டன் இல்லை. என்ன எழுதப்போகிறேன் என்று முதலில் யோசித்தாக வேண்டும். யோசித்து எழுதி பழக்கம் விட்டுப் போயிருந்தது!

எட்டாவது வரியில் கட்டைவிரல் வலித்தது. 'அக்கறையாக' என்று எழுதப் போய், பெரிய 'ற'வா, சின்ன 'ர'வா என்று திகைத்தேன். இத்தனை நாள் செல்போனே ஊகித்துப் போட்டுவிடும், நான் தலையாட்டுவேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்த என் மகள் (மூன்றாம் வகுப்பு) கேட்டாள்: "அப்பா, உங்களுக்கும் ஹோம்ஒர்க்கா?"

நாலு இன்லண்டைக் கிழித்துப் போட்டு, இரண்டு நாளில் ஒன்றை முடித்துத் தபாலில் சேர்த்தேன். அடுத்த வாரம் ஒரு கவர் வந்தது. உள்ளே என் கடிதமே திரும்பி வந்திருந்தது, சிவப்பு மை திருத்தங்களோடு! கூடவே பத்திர பாணியில் அப்பாவின் பதில்: 'நாளது தேதி வரை இவ்விடம் நான் சுகம். உன் கடிதத்தில் கண்ட பிழைகள் மொத்தம் 14. பி.காம். வரை படிக்க வைத்த செலவை நினைத்துப் பார்த்துக்கொண்டேன்.'

மெதுவாக எழுதுவதே லாபம்

மாதம் இரண்டு கடிதம் என்று பழகிவிட்டது. அப்போது ஒரு விஷயம் கவனித்தேன். போன வாரம் டைப் அடித்த கட்டுரையில் என்ன எழுதினேன் என்று கேட்டால் எனக்கு ஞாபகம் இருக்காது. அப்பாவுக்கு மூன்று மாசம் முன்பு எழுதின கடிதத்தை வரி வரியாகச் சொல்வேன். இது என்ன மாயம் என்று தேடிப் பார்த்தேன். உலகத்தில் பல பேர் இதைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

நார்வேயில் ட்ரான்ட்ஹெய்ம் நகரப் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை. 36 மாணவர்களின் தலையில் 256 சென்சார்கள் வைத்த தொப்பியை மாட்டினார்கள். திரையில் ஒரு வார்த்தை வரும். அதை ஒரு தடவை டிஜிட்டல் பேனாவால் எழுத வேண்டும். ஒரு தடவை கீபோர்டில் ஒற்றை விரலால் தட்ட வேண்டும். 2024 ஜனவரியில் முடிவு வெளியானது. கையால் எழுதும்போது மூளையின் பல பகுதிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பரபரப்பாக வேலை செய்தன. தட்டும்போது அந்த அளவு இல்லை.

காரணம் யோசித்தால் நமக்கே விளங்கும். கீபோர்டில் 'அ'வுக்கும் ஒரே தட்டுதான், 'ஔ'வுக்கும் ஒரே தட்டுதான். விரலுக்கு வித்தியாசமே கிடையாது. கையால் எழுதினால் 'அ'வுக்கு ஒரு சுழி, 'இ'க்கு வேறு சுழி. கண் பார்க்க வேண்டும், விரல் வளைய வேண்டும், பேனாவை அழுத்துகிற அளவு மாற வேண்டும். ஒவ்வொரு எழுத்தும் கைக்கு ஒரு தனி வேலை.

அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தில் கரின் ஜேம்ஸ் என்பவர் 2012-ல் இன்னொன்று கண்டுபிடித்தார். எழுதப் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகள் சிலருக்கு எழுத்துகளை மூன்று விதமாகப் பழக்கினார்கள்: தானாக எழுதுவது, புள்ளி மேல் எழுதுவது, கீபோர்டில் தட்டுவது. அப்புறம் ஸ்கேன் மெஷினில் படுக்க வைத்து அந்த எழுத்துகளைக் காட்டினார்கள். பெரியவர்கள் படிக்கும்போது மூளையில் எந்த இடங்கள் விழிக்குமோ, அந்த இடங்கள் குழந்தைகளுக்கு விழித்தது தானாக எழுதிப் பழகிய எழுத்துகளுக்குத்தான். விஜயதசமியன்று குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுத வைக்கிறோமே, அந்தப் பழக்கத்தை ஆரம்பித்த பாட்டன் ஸ்கேன் மெஷினைப் பார்த்திருப்பானா?

சரி, பெரிய பிள்ளைகள்? 2014-ல் பாம் முல்லர், டேனியல் ஓப்பன்ஹைமர் என்ற இரண்டு பேர் காலேஜ் மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள். லேப்டாப்பில் குறிப்பெடுத்தவர்கள் நிறைய எழுதினார்கள்; ஆனால் பேசினதை அப்படியே எழுதினார்கள். காது வழியாக வந்தது தலைக்குள் போகாமல் விரல் வழியாக வெளியே போய்விட்டது! பேனா பிடித்தவனால் அத்தனை வேகமாக எழுத முடியாது. அதனால் கேட்டு, புரிந்து, சுருக்கித்தான் எழுதியாக வேண்டும். 'ஏன், எப்படி' என்ற கேள்விகளில் பேனாக்காரர்களே நன்றாகப் பதில் சொன்னார்கள்.

நான்கூட ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். பேனாவில் என் வேகம் நிமிடத்துக்கு 12 வார்த்தை. மூளைக்கு மூச்சு விட நேரம் கிடைக்கிறது.

கணக்கு என்றால் இரண்டு பக்கமும் எழுத வேண்டும் என்று காமர்ஸ் வாத்தியார் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதனால் மறுபக்கம். 2021-ல் வேறொரு குழு அந்த 2014 சோதனையை மறுபடி செய்தது. லேப்டாப்காரர்கள் அப்படியேதான் காப்பி அடித்தார்கள். ஆனால் மார்க்கில் பெரிய வித்தியாசம் வரவில்லை. நார்வே சோதனையிலும் ஒற்றை விரலால் தட்டச் சொன்னார்களே, எங்கள் இன்ஸ்டிட்யூட் மாஸ்டர் பார்த்திருந்தால் ஸ்கேலால் அடித்திருப்பார்! ஆகவே பேனா பிடித்தவனெல்லாம் ரேங்க் வாங்குவான் என்று யாரும் அளக்க வேண்டாம்.

கீபோர்டுக்கும் கும்பிடு போடத்தான் வேண்டும். டாக்டர் கையெழுத்தை ஒன்றே ஒன்று உதாரணம் சொன்னால் போதாதா? மருந்துப் பெயரைப் படிக்கிற மாதிரி, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுதுங்கள் என்று 2016-ல் இந்திய மெடிக்கல் கவுன்சில் விதியே போட்டது. படிக்க முடிகிற மருந்துச் சீட்டு நோயாளியின் அடிப்படை உரிமை என்று 2025-ல் பஞ்சாப்-ஹரியானா ஹைகோர்ட் சொன்னது. அவ்வளவு ஏன், அப்பாவே சொல்வார்: "பத்திரத்துக்கு பிரிண்டுதாம்ல நல்லது. ஒரு நம்பர் புரியாமப் போனா ஒருத்தன் நிலம் போயிரும்."

பின்லாந்தில் 2016-லிருந்து கோர்வை எழுத்தைக் கட்டாயப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டு, கீபோர்டைச் சேர்த்தார்கள். (தனித்தனி எழுத்து இன்னும் உண்டு.) கலிபோர்னியாவில் 2023-ல் சட்டம் போட்டு, ஒன்று முதல் ஆறாம் வகுப்பு வரை கோர்வை எழுத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடிக்கிறார். நம் ஊரில் பத்தாவது, பன்னிரண்டாவது பரீட்சையில் இன்னும் பேனாதான் பேசுகிறது. வருஷம் முழுக்க ஐபேடில் பாடம் படித்த பிள்ளை, மார்ச் மாசம் மூன்று மணி நேரம் எழுதக் கை வலிக்கிறது என்றால் யாரைச் சொல்வது?

யானை எறும்பானது

இதுவரை படித்ததெல்லாம் நான் புத்தகத்திலும் ஆராய்ச்சியிலும் பார்த்தது. இனி என் வீட்டில் நடந்தது.

என் மகளுக்கு அப்பாவின் கடிதங்கள் என்றால் உயிர். காரணம் யானை. உங்களில் வயதானவர்களுக்குத் தெரியும்: 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்து 13 எழுத்துகளை மாற்றியது. அதற்கு முன் ணை, லை, ளை, னை நாலும் தலைக்கு மேல் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அப்பா அந்தக் காலத்துப் படிப்பு. இன்றைக்கும் 'விலை' என்றால் தும்பிக்கைதான். "தாத்தா யானை போட்டிருக்கார்!" என்று இவள் ஒவ்வொரு கடிதத்திலும் எண்ணுவாள். என் செல்போனில் தேடிப் பார்த்தேன், அந்த யானை கிடைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட் டப்பாவிலிருந்து எல்லாக் கடிதத்தையும் எடுத்துத் தரையில் பரப்பி யானை எண்ணிக்கொண்டிருந்தாள். திடீரென்று கூப்பிட்டாள்.

"அப்பா, பழைய லெட்டர்ல யானை பெரிசா இருக்கு. புது லெட்டர்ல எறும்பு மாதிரி ஆயிடுச்சு. ஏன்?"

குனிந்து பார்த்தேன். உண்மைதான். முதல் கடிதங்களில் இடம் போதாமல் ஓரத்திலும் மடிப்பிலும் எழுதியிருந்தார். கடைசியாக வந்ததில் அதே அளவு விஷயம். ஆனால் பாதித் தாள் காலி. ஒவ்வொரு வரியும் ஓரளவு பெரிதாகத் தொடங்கி, போகப் போகச் சின்னதாகி, கடைசி வார்த்தை கடுகு மாதிரி இருந்தது. "வயசாச்சு, கண்ணு சரியில்லை போல" என்றேன். என் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை.

"கண்ணு தெரியலைன்னா பெரிசால்ல எழுதுவாங்க? மாமா ஏங்க சின்னதா எழுதறாங்க?"

என்னிடம் பதில் இல்லை. அந்த வாரமே ஊருக்குப் போய் அப்பாவைத் திருநெல்வேலியில் ஒரு நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனேன். "கை நடுங்குதா பாரு! ஒண்ணுமில்லாததுக்கு ஆஸ்பத்திரியா?" என்று வழியெல்லாம் திட்டு.

டாக்டர் அவரை நடக்கச் சொன்னார். இடது கை வீசி ஆடியது. வலது கை உடம்போடு ஒட்டியே இருந்தது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சேர்த்துத் தட்டச் சொன்னார். அப்புறம் ஒரு தாளைக் கொடுத்து ஒரு வரி எழுதச் சொன்னார், கொசுவர்த்திச் சுருள் மாதிரி ஒன்று வரையச் சொன்னார். நான் கொண்டு போயிருந்த கடிதங்களைத் தேதி வரிசையில் அடுக்கிப் பார்த்தார். "சமையலில் பெருங்காய வாசனை தெரியுதா ஐயா?" என்று கேட்டார். அப்பா யோசித்துவிட்டு, "இப்பல்லாம் எவன் நல்ல பெருங்காயம் விக்கான்?" என்றார்.

பார்க்கின்சன். ஆரம்ப நிலை.

டாக்டர் எனக்கு விளக்கினார். மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கிற செல்கள் மெள்ள மெள்ளக் குறைகின்றன. உடம்பின் அசைவுகளுக்கு அளவு சொல்வது அதுதான். அது குறைந்தால் அசைவெல்லாம் சுருங்கும். காலடி சின்னதாகும், குரல் சின்னதாகும், எழுத்து சின்னதாகும். நடுக்கம் எல்லோருக்கும் முதலிலேயே வருவதில்லை. ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் டாக்டர் 1817-லேயே இந்த நோயைப் பற்றி எழுதிவிட்டார். இன்றுவரை அடியோடு குணமாக்க மருந்து இல்லை. ஆனால் மருந்தும் பயிற்சியும் இருந்தால் வேலைகளைச் செய்துகொண்டு நல்லபடியாக இருக்கலாம். சீக்கிரம் தெரிந்ததால் பயிற்சியைச் சீக்கிரம் தொடங்கலாம். கால் தடுக்கி விழுந்த பிறகு வருவதைவிட இது எவ்வளவோ மேல் என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு ஒரே நினைப்பு. அப்பா வாட்ஸ்அப்புக்கு ஒத்துக்கொண்டிருந்தால்? 'நலம்' என்று தட்டியிருப்பார். எல்லா 'நலமு'ம் ஒரே அளவில்தான் வந்திருக்கும். செல்போன் கெட்டிக்காரத்தனமாக அவர் எழுத்தை எல்லாம் நேராக்கி, பெரிதாக்கி, அழகாக்கி அனுப்பியிருக்கும். அப்பா மறைத்ததை, அப்பாவுக்கே தெரியாததை, அவர் எழுத்து சொன்னது.

(ஒரு எச்சரிக்கை. சின்னதாக எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் இந்த நோய் என்று நினைத்து, எதிர் வீட்டுக்காரரை பயமுறுத்தாதீர்கள். சிலருக்குப் பிறவியிலேயே பொடி எழுத்து. மூட்டு வலி, கண் கோளாறு என்று வேறு காரணங்களும் உண்டு. பழைய எழுத்துக்கும் புது எழுத்துக்கும் பெரிய மாற்றம் இருந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.)

நாலு கோடு நோட்டு

இப்போது அப்பா எங்களோடுதான் இருக்கிறார். கோடு போட்ட தாளில், கோட்டைத் தொடுகிற மாதிரி பெரிதாக எழுதிப் பழகச் சொல்லியிருக்கிறார்கள். கண்ணுக்குக் கோடு தெரிந்தால் கை அந்த அளவுக்கு நீளுமாம். தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு டைனிங் டேபிளில் இரண்டு நாலு கோடு நோட்டு திறக்கும். ஒன்று பேத்திக்கு, ஒன்று தாத்தாவுக்கு. "தாத்தா, கோட்டைத் தொடலை, திரும்ப எழுதுங்க!" என்று அதட்டல் கேட்கும். நாற்பது வருஷம் பத்திரம் எழுதின கை, பேச்சு மூச்சில்லாமல் திரும்ப எழுதும். யானை மறுபடி கொஞ்சம் வளர்ந்திருக்கிறது.

உங்களுக்கு நான் சொல்வது சின்ன விஷயம்தான். கம்ப்யூட்டரை மூடச் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையையே டைப் அடித்துத்தான் அனுப்புகிறேன். (முதல் பிரதி பேனாவில் எழுதினேன். சத்தியம்!) ஆனால் ஞாபகத்தில் நிற்க வேண்டிய பாடத்தைக் கையால் எழுதிப் படிக்கச் சொல்லுங்கள். மளிகை லிஸ்ட்டைச் சீட்டில் எழுதிப் பாருங்கள். கடைக்குப் போனதும் சீட்டைப் பார்க்காமலே பாதி ஞாபகம் வரும். குழந்தைக்கு முதல் எழுத்தை விரலால் பழக்குங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் மாதம் ஒரு தாள் எழுதி வாங்கித் தேதி போட்டு வையுங்கள். அவர்களும் சந்தோஷப்படுவார்கள். ரசம் வைக்கிற பக்குவமாகவே இருக்கட்டுமே!

எனக்கும் முன்னேற்றம் உண்டு. போன வாரம் நான் எழுதின ஒரு பக்கத்தை அப்பா திருத்திக் கொடுத்தார். பிழை இரண்டே இரண்டு.

பேங்க்குக்குப் போனால் இப்போது சட்டைப் பையில் பேனா இருக்கிறது. "சார், பேனா இருக்கா?" என்று யார் கேட்டாலும் தாராளமாகக் கொடுக்கிறேன்.

மூடியை மட்டும் நானே வைத்துக்கொள்கிறேன்.